உட்பகை தேரும் நுண்ணுணர்வு

சென்ற தவணையின் இறுதியில் ஒருநாள், தமிழ்ப் பாடவேளை முடிந்து நான் வகுப்பறையை விட்டுப் புறப்படுங்கால், பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி செய்தித்தாள் நறுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். இந்தியாவிலே குருதிப் புற்றுநோய்க்குப் புதியதொரு சிகிச்சை தோன்றியுள்ளது என்றும், நோயாளியின் உடலிலுள்ள ‘டீ-கலங்களை’ வெளியே எடுத்து, மாற்றியமைத்து, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர் என்றும் அந்நறுக்கிற் கண்டிருந்தது. “ஐயா, டீ-கலம் என்கிறார்களே, அதற்கும் நம் தேயிலைக்கும் உறவு உண்டா?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் நகைத்தனர், நானும் நகைத்தேன். அவள் நகைக்கவில்லை. சற்றே தாழ்ந்த குரலில், “எங்கள் அம்மாயிக்கு வாயிலே புற்றுநோய் என்று மகரகமையில் சொல்லிவிட்டார்கள். இந்த வைத்தியம் அவருக்கு உதவுமா ஐயா?” என்று இரண்டாவது வினாவையும் கேட்டாள்.

முதல் வினாவுக்கு விடை எளிது. நெஞ்சறையில் இதயத்திற்கு மேற்புறமாகத் தைமசு என்றொரு சுரப்பி உண்டு. அச்சுரப்பியிலே முதிர்ச்சி பெறும் வெண்குருதிக் கலங்களை அதன் ஆங்கில முதலெழுத்தால் டீ-கலங்கள் என வழங்கினர். தேயிலையோடு அவற்றுக்கு உறவில்லை. இரண்டாவது வினாவுக்கு விடை கூறவோ எனக்கு இரண்டு திங்கள் தேவைப்பட்டன. நன்னூலும் தொல்காப்பியமும் கற்றுப் பண்டிதர்ப் பரீட்சை எழுதியவனுக்கு இது புறத்துறையே. ஆயினும், மாணவர் கேட்ட வினாவுக்கு “எனக்குரிய பாடமன்று” என்று கைவிரிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. எம் பாடசாலை விஞ்ஞான ஆசிரியராகிய இளைஞர் ஒருவரின் துணைகொண்டு படித்தறிந்தவற்றை ஈண்டு ஆசிரிய அன்பர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றேன். நம் நாட்டுப் பாடநூல்கள் ‘கலம்’ என்று கூறுவதனையே தமிழ்நாட்டார் ‘செல்’ என்றும் ‘உயிரணு’ என்றும் கூறுவர். நான் நம் வழக்கையே கைக்கொள்கின்றேன்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘உட்பகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். புறத்தே நின்று எதிர்க்கும் பகைவனினும் உறவினன்போல் உடனிருக்கும் பகைவனே அஞ்சத்தக்கவன் என்பது அதன் சாரம். புற்றுநோய் உடம்பிலே தோன்றும் உட்பகை. கிருமிகள் அயலிலிருந்து வருவன. அவற்றின் உருவும் அயலுருவே. ஆதலின் உடலைக் காக்கும் கலங்கள் அவற்றை விரைந்து இனங்காண்கின்றன. புற்றுநோய்க் கலமோ நம் உடம்பிற் பிறந்தது. நம் குருதியை உண்பது. நம் முகமே கொண்டது. கட்டுப்பாட்டை மீறிப் பெருகுதல் ஒன்றே அதன் குற்றம். அதனைக் காவற்கலங்கள் இனங்காண்பது எங்ஙனம்?

இவ்வினாவை எதிர்கொண்டவர் பலர். அவருள் இசுரேல் நாட்டு வைசுமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த செலிக் எசுகார் என்பவரும் அவர்தம் துணைவரும் 1989 ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு டீ-கலத்தின் மேற்புறத்திலும் ‘வாங்கி’ எனப்படும் உணர்கருவிகள் உள. அவ்வாங்கியின் தலையைக் கொய்து, குறித்ததொரு புரதத்தைப் பற்றவல்ல பிறபொருளெதிரியின் கையை அவ்விடத்தில் ஒட்டினர். கை ஓரினம், உடல் வேறினம். இதனைக் ‘கலப்பு வாங்கி’ எனலாம். இவ்வாறு வேண்டிய அடையாளத்தைத் தேடிச் செல்லும் டீ-கலத்தை மனிதனே ஆக்கிக்கொள்ளும் வழி பிறந்தது.

அவ்வழி மருத்துவமனையை அடைய இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2012 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, எமிலி வைற்கெட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு இக்கலங்கள் செலுத்தப்பட்டன. வேறெச் சிகிச்சையும் பயன்தராத குருதிப் புற்றுநோய் அவளுக்கு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக் கார்ல் யூன் என்பார் தலைமையில் அவை ஆக்கப்பட்டன. கலங்கள் மூட்டிய போரில் அச்சிறுமி உயிர்போகும் எல்லைவரை சென்று மீண்டாள். பத்தாண்டு கடந்தும் நோய் மீளவில்லை. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அச்சிகிச்சைக்கு ஒப்புதல் வழங்கியது.

இனி, என் மாணவியின் நறுக்கிற் கண்ட செய்திக்கு வருவோம். மும்பையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் இராகுல் புர்வாரும் அவர்தம் குழுவினரும், டாட்டா நினைவு மருத்துவ நிலையத்தின் மருத்துவர்களோடு கூடி, இவ்வகைக் கலங்களை இந்திய மண்ணிலேயே ஆக்கினர். ‘நெக்சுகார்-19’ என்பது அதன் பெயர். 2023 ஆம் ஆண்டு ஒற்றோபரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. 2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் 4 ஆந் திகதி இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அம்மையார் அதனைத் தொடக்கிவைத்தார். 2025 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு முடிவுகளின்படி, மதிப்பிடப்பட்ட நோயாளருள் ஏறத்தாழ 73 விழுக்காட்டினரிடம் நோய் பின்வாங்கியது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் தன் மருத்துவமனையினுள்ளேயே இத்தகைய கலங்களை ஆக்கி, நோயாளருக்கு அளித்துப் பார்த்து, 2025 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. தமிழ் வழங்கும் மண்ணில் இப்பணி நிகழ்வது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

நிற்க. இவையனைத்தும் குருதிப் புற்றுநோய்க்கு உரியவை. என் மாணவியின் அம்மாயிக்கு வந்திருப்பதோ வாய்ப் புற்றுநோய். அது திண்மக் கட்டி. குருதியில் மிதந்து திரியும் நோய்க்கலம் வேறு; தசையிலே வேரூன்றிக் கட்டியாகும் நோய்க்கலம் வேறு. முன்னதை வென்ற சிகிச்சை பின்னதன்முன் தடுமாறி நிற்கின்றது. ஏன்?

காரணம் பல. கட்டியினுள் நுழைதல் அரிது. நுழைந்த கலங்கள் அங்குள்ள நச்சுச் சூழலில் விரைந்து சோர்வடைகின்றன. ஆயினும் முதற்காரணம் அடையாளம் பற்றியது. குருதிப் புற்றுநோயில் வேட்டைக்கு இலக்காவது ‘சீ.டீ.-19’ என்னும் புரதம். அது நோய்க்கலத்தின் மேல் அடர்ந்து கிடக்கின்றது. நலமுள்ள பீ-கலங்களின் மேலும் அஃது உண்டு என்பது மெய்யே. ஆயின் பீ-கலங்கள் முழுதும் அழியினும் மனிதன் உயிர் வாழ்வான். குறைவுறும் பிறபொருளெதிரிகளை ஊசிவழி ஈடுசெய்யலாம். திண்மக் கட்டியில் இவ்விரண்டு வாய்ப்பும் இல்லை. அங்கே அடையாளம் அருகியே கிடக்கின்றது. ஒரு கலத்தில் மிகுந்தும் அடுத்த கலத்தில் குறைந்தும் காணப்படுகின்றது. அவ்வடையாளமே நுரையீரலிலும் குடலிலும் இதயத்திலும் சிறிதளவு இருத்தலுங் கூடும். நுரையீரலை இழந்து வாழ்வார் எவர்?

அடையாளம் அருகியிருந்தால் அதனை உணரும் கலத்தின் நுண்ணுணர்வு மிகவேண்டும் என்பது தெளிவு. ஈண்டு ஒரு வியப்பு உண்டு. இயற்கை அமைத்த டீ-கல வாங்கி, பகைக்கலத்தின் மேல் ஓர் அடையாளமோ பத்து அடையாளமோ இருப்பினும் கிளர்ந்தெழ வல்லது. மனிதன் ஆக்கிய கலப்பு வாங்கியோ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அடையாளம் கண்டாலன்றி முழுவீச்சில் எழுவதில்லை. நாம் ஒட்டிய கை வலியது. அது பற்றுவதும் உறுதியாகவே. எனினும், பற்றியதை உள்ளே உரைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. உரத்துக் கூவினாலன்றிச் செவியேறாத முதியவர் நிலைமை அது.

இக்குறையைத் தீர்க்க அறிஞர் முயன்ற வரலாற்றிலே துயரமான பக்கங்கள் இரண்டு உள. அவற்றைக் கூறாது வெற்றியை மட்டும் கூறுதல் நேர்மையாகாது.

2010 ஆம் ஆண்டில் வெளியான நிகழ்ச்சி ஒன்று. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்திலே, பெருங்குடற் புற்றுநோய் பரவியிருந்த ஒரு நோயாளிக்கு ‘ஹெர்-2’ என்னும் அடையாளத்தைத் தேடும் கலங்கள் பெருந்தொகையிற் செலுத்தப்பட்டன. கட்டியில் அவ்வடையாளம் மிகுதி. ஆயின் நுரையீரலின் உட்புறத்திலும் அது மிகச் சிறிதளவு இருந்தது. கலங்கள் அச்சிறிதளவையும் உணர்ந்தன. சில நிமிடங்களில் மூச்சுத் திணறல் கண்டது. ஐந்து நாட்களில் அந்நோயாளி இறந்தார்.

2013 ஆம் ஆண்டில் வெளியானது மற்றொன்று. இஃது இன்னும் நுட்பமானது. கலங்கள் தமக்குள்ளே ஆக்கும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் புறத்தே ஏந்திக் காட்டுவது இயல்பு. இயற்கையான டீ-கல வாங்கி அத்துணுக்குகளையே படித்து, உள்ளே இருப்பவன் யாவன் என்று உய்த்துணர்கின்றது. ‘மேஜ்-ஏ3’ என்னும் புற்றுநோய்ப் புரதத்தின் துணுக்கைப் படிக்கும் வாங்கியொன்றை எடுத்து, அதன் பற்று மிகுமாறு மாற்றியமைத்தனர். இறுகப் பற்றினால் நன்கு உணரும் என்பது அவர்தம் எண்ணம். அக்கலங்களைப் பெற்ற முதல் இருவரும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தனர். இதயத்தில் மேஜ்-ஏ3 இல்லையே என ஆராய்ந்தபோது, இதயத் தசையிலுள்ள ‘டைட்டின்’ என்னும் வேறொரு புரதத்தின் துணுக்கு, எழுத்துச் சில ஒத்து, ஏறத்தாழ அதுபோல் இருத்தலைக் கண்டனர். பற்றுவலிமை மிகுந்த வாங்கி அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை; டைட்டினையும் பகையென்றே பற்றிவிட்டது.

ஏட்டுச்சுவடி பயின்றவர்க்கு இத்தவறு புதிதன்று. பண்டை ஓலைச்சுவடிகளில் புள்ளி இடுவதில்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் அங்கே ஒரே உரு. ஆகவே எரியும் ஏரியும் ஓலையில் ஒன்றுபோலவே நிற்கும். நெருப்பு எது, நீர்நிலை எது என்பதை எழுத்தின் வடிவு கூறாது. எழுத்தை அழுத்திப் பார்ப்பதனாலும் அது விளங்காது; அடியின் சீரும் பொருளின் போக்கும் கண்டே தெளிதல் வேண்டும். சாமிநாதையரும் தாமோதரம்பிள்ளையும் பதிப்புத் துறையிற் பெற்ற பெருமை கண்பார்வைக் கூர்மையால் மட்டும் வந்ததன்று. ஒத்திருக்கும் இரண்டனுள் வேறுபாடு தேரும் தெளிவினால் வந்தது. அறிவியலார் 2013 இற் கற்ற பாடமும் இதுவே: பற்று வேறு, நுண்ணுணர்வு வேறு. பற்றினை மிகுத்தால் உணர்வு மிகும். அதனோடு மயக்கமும் மிகும்.

இதன்பின் ஆராய்ச்சி திரும்பிய திசையே இன்று நாம் கவனிக்க வேண்டுவது. 2022 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்துக் கிறித்தோபர் கார்சியா என்பாரின் குழுவினர் அதே மேஜ்-ஏ3 வாங்கியை மீண்டும் எடுத்துக்கொண்டனர். இம்முறை அவர்கள் பற்றினை மிகுக்க முயலவில்லை. பிணைப்புகளில் இருவகை உண்டு. பெரும்பாலானவை இழுத்தால் விரைவில் நெகிழ்ந்து அறுபடுவன. மற்றொரு வகையோ இழுக்க இழுக்க இறுகுவது. கன்றின் கழுத்திலிட்ட சுருக்குப் போன்றது. கலங்கள் ஒன்றையொன்று தொட்டு உரசி நகருங்கால் வாங்கியின் மேல் சிறியதோர் இழுவிசை விழுகின்றது. அவ்விழுவிசையில் உரிய துணுக்கோடு மட்டும் இறுகி நிற்கும் வாங்கிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். இளைப்பாறும் நிலையில் அவை எதனையும் இறுகப் பற்றுவதில்லை. பலவற்றைத் தொட்டு விடுகின்றன. இழுத்துப் பார்க்கும்போது மெய்ப்பகையிடம் மட்டும் நிலைத்து நிற்கின்றன. இவ்வாறு அமைந்த வாங்கிகள் புற்றுநோய்க் கலங்களை முன்னினும் திறம்படக் கொன்றன. இதயத்து டைட்டினை அவை தீண்டியதாக அவ்வாய்வில் அறிகுறி காணப்படவில்லை. இவையெல்லாம் ஆய்வுகூடத்து முடிவுகள் என்பதை மறத்தலாகாது.

என் மாணவி தேயிலையோடு உறவு கேட்டாள் அன்றோ? பெயரளவில் உறவில்லை என்றேன். தொழிலளவில் ஓர் ஒப்புமை உண்டென்று இதனைப் படித்தபின் எனக்குத் தோன்றிற்று. எங்கள் மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண் ஒவ்வோர் இலையையும் கண்ணாற் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவள் விரல் செடியின்மேல் ஓடுகின்றது. இளங்கொழுந்து எது, முற்றிய இலை எது என்பதை விரல்நுனி ஒரு சிறு சுண்டலால் அறிந்துகொள்கின்றது. இறுகப் பற்றிப் பறிப்பவள் கைக்கு முற்றலும் தண்டும் சேர்ந்து வரும். மடுவத்தில் நிறுக்குமிடத்தே அவள் ஏச்சுக் கேட்பாள். நல்ல கை என்று எங்கள் தோட்டத்தார் புகழ்வது வலிய கையை அன்று. மெல்லத் தொட்டு வேறுபாடு அறியும் கையையே.

நுண்ணுணர்வை மிகுக்க வேறு வழிகளும் உள. கலப்பு வாங்கியின் பற்றும் பகுதியை இயற்கையான டீ-கல வாங்கியின் உடலிலேயே பொருத்தினால், அடையாளம் அருகிய கலங்களையும் அது உணர்கின்றது என நியூயோர்க் நகரத்துச் சாடலேன் என்பாரின் குழு 2022 ஆம் ஆண்டிற் காட்டியது. மிகுந்த நுண்ணுணர்வால் வரும் கேட்டைத் தடுப்பதற்கும் வழி தேடுகின்றனர். ஓர் அடையாளத்தைக் கண்டபின்னரே படைக்கலம் ஏந்தி, இரண்டாவது அடையாளத்தையும் கண்டாலன்றித் தாக்காத கலங்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து வெண்டெல் லிம் குழுவினர் 2016 ஆம் ஆண்டிலேயே ஆக்கிக் காட்டினர். ஒரு சாட்சியின் சொல்லை நம்பித் தண்டிக்காது இரு சாட்சி கேட்கும் நீதிமன்றம் அது. ‘தெரிந்து தெளிதல்’ என்று வள்ளுவர் மற்றோர் அதிகாரத்துக்குப் பெயரிட்டார். தெரிதல் முன், தெளிதல் பின். அரசனுக்கு வகுத்த அம்முறை ஒரு கலத்துக்கும் பொருந்துவதை எண்ணி மகிழ்ந்தேன்.

இனி, இம்முயற்சிகளால் நோயாளர் இதுவரை அடைந்த பயனை அளந்து பார்ப்போம். மூட்டுகளின் அருகே தோன்றும் அரியதொரு திண்மப் புற்றுநோய்க்கு, மேஜ்-ஏ4 என்னும் அடையாளத்தைத் தேடும் டீ-கலச் சிகிச்சைக்கு 2024 ஆம் ஆண்டு ஓகத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆய்விற் பங்குபற்றிய 44 பேருள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினரின் கட்டிகள் சுருங்கின. சீன நாட்டிலே இரைப்பைப் புற்றுநோயாளர் 156 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வொன்று 2025 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலப்பு வாங்கிக் கலங்களைப் பெற்ற பிரிவில் நோய் மேலும் வளராதிருந்த காலம் இடைநிலையாக 3.25 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 1.77 மாதம். திண்மக் கட்டியில் இவ்வாறு இரு பிரிவினரை ஒப்பிட்டு வெற்றி காட்டிய முதல் ஆய்வு இதுவென்று அறிஞர் போற்றினர். போற்றற்குரியதே. ஆயினும் கணக்கை மறைத்தலாகாது: ஈட்டப்பட்டது ஒன்றரை மாதம். எமிலி பெற்றதோ ஒரு வாழ்நாள். குருதிப் புற்றுநோய்க்கும் திண்மக் கட்டிக்கும் இடையில் இன்று கிடக்கும் தூரம் அத்துணை.

பொருட்செலவையும் நோக்குவோம். மேற்கூறிய மூட்டுப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அமெரிக்காவிற் குறித்த விலை 727,000 டொலர். இந்தியாவில் ஆக்கிய நெக்சுகார்-19, அமெரிக்கக் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சைகளின் விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. இஃது இந்திய அறிஞர்தம் பெருஞ்சாதனை. அப்பத்தில் ஒரு பங்கும் இலங்கை நாணயத்தில் ஒரு கோடி ரூபாவைத் தாண்டுகின்றது. தோட்டத் தொழிலாளர் நாளொன்றுக்கு 1000 ரூபா வேண்டுமெனப் பல்லாண்டு போராடி 2021 ஆம் ஆண்டிலேயே அதனைப் பெற்றனர். பின்னர் அஃது உயர்ந்துள்ளது. கணக்கிற்காக நாளொன்றுக்கு 2000 ரூபா என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கோடி ரூபாவுக்கு ஐயாயிரம் நாள் வேலை செய்தல் வேண்டும். ஒரு சதமும் செலவிடாது ஆண்டுக்கு முந்நூறு நாள் உழைப்பினும் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும். நோயோ அத்தனை நாள் காத்திருப்பதில்லை.

இவ்வளவும் படித்தபின் எனக்கு மனச்சோர்வு தோன்றியது உண்மை. இலங்கையில் ஆண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களை மிகுதியாகப் பற்றுவது மார்பகப் புற்றுநோய். இரண்டும் திண்மக் கட்டிகள். எங்கள் மலைகளிலோ வெற்றிலை போடும் வழக்கம் ஆண் பெண் இருபாலார்க்கும் உண்டு. குளிருக்கு அது துணை. பசிக்கு அது துணை. மலையேறும் அலுப்புக்கும் அது துணை. புகையிலை கூடினால் தீது என்பதைப் பலரும் அறிவர். பாக்குத் தனித்தும் புற்றுநோய் விளைப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டில் முடிவு கூறியதைப் பலர் அறியார். ஆகவே, நுண்ணுணர்வு மிக்க கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி எங்கோ நடக்கும் செல்வர்தம் செய்தியன்று. அதன் வெற்றி தோல்வி எங்கள் லயங்களைத் தொடுவது.

என் தமக்கையார் நாற்பதாண்டு கொழுந்து பறித்தவர். என்னைப் படிப்பித்தது அவர் கூலி. ஓர் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு வீடு சென்றிருந்தபோது, “தம்பி, கொஞ்ச நாளாய் வாய் எரிகிறது, காரம் பட்டால் தாங்கவில்லை” என்றார். நான் அப்பொழுது மாணவர்தம் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைநிமிராமலே, “வெற்றிலையைக் குறையுங்கள் அக்கா” என்றேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட என் கண்ணுக்குத் தப்பாத காலம் அது. அவர் கன்னத்தின் உட்புறத்திற் படர்ந்திருந்த வெண்மையை நான் பார்க்கவில்லை; வாயைத் திறக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த ஆண்டு அவரால் இரண்டு விரல் நுழையுமளவுக்கும் வாய் திறக்க இயலவில்லை. மகரகமைக்கு அழைத்துச் சென்றபோது மருத்துவர் என்னைப் பார்த்து, “ஓராண்டு முன்னர் வந்திருக்கலாமே” என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. 2009 ஆம் ஆண்டு ஆவணியில் அக்கா காலமானார்.

இதனை எழுதுவது என் துயரைப் பகிர்வதற்கன்று. வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. நுரையீரற் கட்டியும் கணையக் கட்டியும் கண்ணுக்குத் தெரியா. வாய்க்கட்டியோ தோன்றுமுன்னரே பலரிடம் வெண்திட்டாகவும் செந்திட்டாகவும் ஆறாத புண்ணாகவும் தன்னைக் காட்டுகின்றது. சூரிய ஒளியோ ஒரு கைவிளக்கோ போதும். அடிப்படைச் சுகாதாரப் பணியாளரே பயிற்சி பெற்று இதனைக் கண்டறிதல் இயலும் என்று நம் இலங்கையில் நடந்த ஆய்வொன்று 1984 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவருட் பலர் போகவில்லை என்பதையும் அவ்வாய்வே கூறியது. கேரளத்துத் திருவனந்தபுர மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகச் சென்று வாய்களைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அதன் முடிவு 2005 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே கோடி ரூபா செலவான கலங்கள் இல்லை. பார்த்தறியும் கண் இருந்தது.

இதனால் ஆராய்ச்சியை இகழ்கின்றேன் என எவரும் எண்ணற்க. கலங்களுக்கு நுண்ணுணர்வு ஊட்டும் பணி நடைபெறல் வேண்டும்; அது வெற்றியும் பெறல் வேண்டும். எமிலி என்னும் சிறுமிக்கு வாய்த்தது எங்கள் மலைப்பிள்ளைக்கும் ஒருநாள் வாய்த்தல் வேண்டும். இந்தியாவில் விலை பத்திலொன்றாகக் குறைந்ததுபோல் மேலும் குறையும் என்று நம்பவும் இடமுண்டு. ஆயினும் அந்நாள் வரும்வரை, பகை அருகியிருக்கும்போதே அதனை உணரும் பொறுப்பு நம்மிடம் உள்ளது. அடையாளம் ஆயிரமாகப் பெருகிய பின்னரே விழித்தெழும் கலப்பு வாங்கியின் குறையை மேலே கூறினேன். நோய் முற்றிய பின்னரே மருத்துவமனை நாடும் நம் வழக்கமும் அதே குறைதான்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெற்றோர் பாடசாலைக்கு வரும் நாட்கள் தவணைக்கு ஒன்றேனும் உண்டு. அந்நாளில் பிரதேசச் சுகாதார அலுவலர்களையோ பல் மருத்துவரையோ அழைத்து, வந்தோரின் வாய்களைப் பார்க்கச் செய்தல் அரிதன்று. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டவேண்டும் என்னும் ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் மனத்திற் பதிக்க ஒரு பாடவேளையே மிகுதி. அனுப்பிய இடத்துக்கு அவர்கள் போனார்களா என்று மறுமுறை கேட்பதும் நம் கடமையாகும். போகாமைக்குப் பெரும்பாலும் ஒருநாட் கூலியும் வழிச்செலவுமே காரணமாகின்றன.

இரண்டு திங்களுக்குப் பின் என் மாணவியை அழைத்து விடை கூறினேன். “இந்த வைத்தியம் உங்கள் அம்மாயிக்கு இன்று உதவாது, மகளே. இதை ஆராய்பவர்கள் சரியான வழியில்தான் போகிறார்கள். ஆனால் இன்னும் வந்துசேரவில்லை. மகரகமையில் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் முடிக்கச் சொல்லுங்கள்” என்றேன். அவள் தலையசைத்தாள். பின்பு, “அம்மாவும் வெற்றிலை போடுகிறார் ஐயா. நான் பார்க்கலாமா?” என்று கேட்டாள். பார்க்க வேண்டிய இடங்களை, நாவின் ஓரம், கன்னத்தின் உட்புறம், உதட்டின் கீழ் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாட் காலை அவள் வந்து, கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்திட்டு இருப்பதாகச் சொன்னாள். வரும் திங்கட்கிழமை அவள் தாயார் நுவரெலியா மருத்துவமனைக்குப் போகின்றார். அன்று அவள் பாடசாலைக்கு வராமைக்கு விடுமுறைக் கடிதம் வேண்டா என்று வகுப்பாசிரியரிடம் சொல்லியிருக்கின்றேன்.